புது சிஸ்டம், பழைய விரல்கள்

என் விரல்களுக்குத் தெரிந்த தமிழ் எனக்குத் தெரியாது. 'அறிவித்தல்' என்ற சொல்லுக்கு எந்தெந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அதையே அடித்துக் காட்டு என்றால், கீபோர்டைப் பார்க்காமல், பக்கத்துக் கடை நானாவோடு வாயாடிக்கொண்டே அடித்து முடித்துவிடுவேன்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக் கடைவீதியில் எனக்கு ஒரு கம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, டைப்பிங், போனுக்கு ரீலோட், லெமினேட் எல்லாம் உண்டு. நான் தொழில் படித்தது ஹட்டனில், ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில். அங்கே கீபோர்டில் தமிழ் எழுத்து எதுவும் ஒட்டியிருக்காது, வெறும் இங்கிலீஷ் எழுத்துதான். பாமினி என்ற எழுத்துருவைப் போட்டுவிட்டால் m பொத்தான் 'அ' ஆகிவிடும், k பொத்தான் 'ம' ஆகிவிடும். எதற்கு எது என்று யோசித்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அந்த வேலையை விரல்தான் செய்ய வேண்டும்.

முதல் நாள் சொல்லிக்கொடுத்த சொல் 'அம்மா'. வலது கைச் சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல், மறுபடி நடுவிரல், மறுபடி சுட்டுவிரல். போன வழியே திரும்பி வந்தால் அம்மா. இடது கைக்கு வேலையே இல்லை. வகுப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது.

என் கடைக்குச் சோறு போடுவது மரண அறிவித்தல்தான். கேட்க ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் உண்மை. வாட்ஸ்அப் எல்லார் கையிலும் வந்துவிட்டது, இருந்தாலும் தோட்டத்து லய வீடுகளின் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் படத்தோடு தாள் ஒட்டினால்தான் எங்கள் பக்கம் செத்தவருக்கு மரியாதை. அந்தத் தாளில் பிள்ளைகள், மருமக்கள், மாமன், மச்சான் என்று ஒவ்வொரு வீடும் எந்தத் தேயிலைத் தோட்டம், அதில் எந்த டிவிசன் என்ற விபரத்தோடு வர வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் அந்த வீட்டார் செத்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். அதனால் ஒரு வீட்டில் இரண்டாவது சாவு விழுந்தால், "போன தடவ போட்ட மாதிரியே போடுங்க" என்றுதான் வருவார்கள். நானும் அடித்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே சேர்த்து வைத்திருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது கள்ளக் கொப்பி விண்டோஸ். கடைவீதியில் வேறு யாரிடமும் நல்ல கொப்பி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வருகிற பென்டிரைவ் ஒவ்வொன்றும் ஒரு வைரஸை இறக்கிவிட்டுப் போகும். போன வருடக் கடைசியில் அது திறக்கவே அரை மணி நேரம் எடுத்தது. திறந்தால் திரை கறுப்பாகி, ஓரத்தில் ஒரு எச்சரிக்கை தொங்கும். நான் அதை அடித்து, திட்டி, கெஞ்சி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து தம்பி வந்தான். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். பொங்கல் பொங்கி வழிவதற்குள் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டான்.

"அக்கா, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒன்னு இருக்கு. சும்மாவே கெடைக்கும். கள்ளமும் இல்ல, வைரஸ் தொல்லையும் இல்ல. இந்தப் பழைய மெஷின்லயே குதிர மாதிரி ஓடும்."

"சும்மாவா? யாரு குடுக்கிறா?"

"ஒலகம் பூரா இருக்கிறவங்க சேர்ந்து எழுதினது. யார் வேணும்னாலும் எடுத்துப் போடலாம், உள்ள தொறந்து பாக்கலாம், மாத்தலாம்."

பக்கத்துக் கடை நானா செருப்பும் குடையும் விற்கிறவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் தலையை ஆட்டினார். "சும்மா தாறானா? அப்ப உள்ளுக்கு என்னமோ ஈக்குது தங்கச்சி. பார்த்துக்கங்க." இருக்கிறது என்பது அவர் வாயில் ஈக்குது ஆகிவிடும்.

எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. மழையில் எங்கள் கோயிலுக்குப் போகிற பாதை அறுந்து போனபோது எல்லா டிவிசனிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து சிரமதானம் செய்தார்கள். யார் எந்தக் கல்லைத் தூக்கி வைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் நடக்கிறோம். உலகத்தின் எங்கெங்கோ மூலையில் இருக்கிறவர்கள் இப்படிக் கல் சுமந்து ஒரு கம்ப்யூட்டரை ஓடவைத்திருக்கிறார்கள் என்றபோது எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. "போட்றா" என்றேன்.

போட்டுவிட்டான். என்னுடைய ஃபைல்களை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்து, பழையதை முழுக்க அழித்து, புதியதை ஏற்றினான். கண் மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் திறந்தது. மெனு எல்லாம் தமிழில் வந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கம்ப்யூட்டர் என்னோடு தமிழில் பேசியது. இந்த ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து மாற்றியிருக்கிறார் என்று நினைத்து உடம்பு சிலிர்த்தது. தம்பி பஸ் ஏறிப் போனான்.

சிலிர்ப்பு மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

'கோப்பு' என்று இருந்தது. கோப்பு என்றால் எனக்கு ஆபிஸ் அலுமாரியில் நூல் போட்டுக் கட்டியிருப்பதுதான். 'தொகு' என்று இருந்தது, 'செருகு' என்று இருந்தது. என் தாய்மொழிதான், ஆனாலும் என் தொழில் அந்த மொழியில் நடந்ததே இல்லை. மெனுவை இங்கிலீஷுக்கு மாற்றிப் பார்த்தேன், அப்போதும் திண்டாட்டம்தான். அப்போதுதான் ஒன்று விளங்கியது. இத்தனை வருடமாக நான் எதையும் வாசித்ததே கிடையாது. இடம் பார்த்துத்தான் போயிருக்கிறேன். கரண்ட் போன சமையலறையில் உப்புப் போத்தலை எடுக்கிற மாதிரி, மேலே இடப்பக்கம், அங்கிருந்து கொஞ்சம் கீழே, ஒரு கிளிக். அந்தப் போத்தலை யாரோ அடுத்த தட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதைக்கூடச் சகித்திருப்பேன். டைப்பிங்தான் என்னைக் கொன்றது. தம்பி போட்டுக்கொடுத்த கீபோர்டில் amma என்று இங்கிலீஷில் அடித்தால் அம்மா வரும். அவனுக்கு அது சுலபம். என் விரலோ பழைய வழியிலேயே ஓடும், திரையில் உலகத்தில் இல்லாத பாஷை விழும். அழித்துவிட்டு, ஒற்றை விரலால், கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். வாங்குப் பலகையில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரு நாள், தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கைக்குச் சொகமில்லையா?"

எனக்கு அழுகை வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் என்னை எல்லாருக்கும் டைப்பிங் அக்கா என்றுதான் தெரியும். அந்தப் பேரை இந்த இரண்டு கையால்தான் வாங்கினேன்.

இது போதாது என்று ஹட்டன் பிரிண்டிங் பிரஸ் வேறு. ஒரு கல்யாணக் கார்டை அடித்து அனுப்பினால் உடனே போன் வந்தது. "இந்த எழுத்து எங்க மெஷின்ல கொழம்பி வருது. பாமினில அடிச்சு அனுப்புங்க, பழைய மாதிரி." புது சிஸ்டத்தில் பாமினி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்த படம் திறந்தது, எழுத்து இடம் மாறிக் கிடந்தது. நான் மாற்றியது ஒரே ஒரு கம்ப்யூட்டரை. ஆனால் அது பிரஸ், ஸ்டூடியோ, பென்டிரைவ்கள், என் விரல் என்று எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டியிருந்தது. ஒற்றைக் கயிற்றை இழுத்ததும் கடைவீதியே கூட வந்தது. ஆட்கள் ஏன் மாற மாட்டேன் என்கிறார்கள் என்று தம்பி அடிக்கடி அங்கலாய்ப்பான். சோம்பேறித்தனம் என்பான். அவனை ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பழையதையே திரும்பப் போட்டுத்தரச் சொல்லி அவனைக் கூப்பிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

அந்த முடிவோடு கடையைத் திறந்த அன்று நல்ல மழை. எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்தது. குடையை மடக்காமலே ஒருவர் உள்ளே வந்தார். மேல் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. விடியக்காலம், ஆஸ்பத்திரில."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பா போனப்ப நீங்கதான் அடிச்சுக் குடுத்தீங்க. நான் அப்ப ஸ்கூல் போய்க்கிட்டிருந்தேன். அம்மா பக்கத்துல ஒக்காந்து சொல்லச் சொல்ல நீங்க அடிச்சீங்க. அதே மாதிரி போடுங்கக்கா. மாமா வீட்டுக்குத் தாள் போய்ச் சேரணும்."

மாமா என்றால் அவருடைய அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து, அதைப் போர்த்திய பிறகுதான் பெட்டியைத் தூக்குவார்கள். இந்த வீட்டில் அண்ணன் தங்கை நடுவே ஏதோ மனத்தாங்கல், பல வருடமாகப் போக்குவரத்து இல்லை. மாமா வட்டகொடைப் பக்கம் என்பது மட்டும்தான் மகனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் எத்தனை தோட்டம், எத்தனை டிவிசன்! அம்மாவின் போனில் இருந்த நம்பரை எடுத்தால் பாவனையில் இல்லை என்று சொல்கிறதாம்.

"அந்தத் தாள்ல இருக்கும்க்கா. அம்மாதான் சொல்லி எழுத வச்சாங்க. கோடி இல்லாம எப்படி தூக்குறது? அண்ணன் அண்ணன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"இருக்குப்பா, எங்கிட்ட எல்லாம் இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஃபைலைத் தேடி எடுத்துத் திறந்தேன்.

மேலே, பெரிய எழுத்தில், kuz mwptpj;jy; என்று இருந்தது. கீழே முழுப் பக்கமும் அதே மாதிரி.

அவர் குனிந்து பார்த்தார். "என்னக்கா இது? இங்கிலீஷா?"

இன்னொரு ஃபைலைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. ஃபைல்களை எல்லாம் தம்பி பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான், பாமினி எழுத்துருவை மட்டும் பழைய விண்டோஸோடு சேர்த்து அழித்துவிட்டான். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் m பொத்தான் 'அ' ஆகாது, வெறும் m ஆகவே நிற்கும். அது தனியாக எடுத்து வைக்க வேண்டிய ஒரு சாமான் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் நான் அடித்து அனுப்பி வைத்த அத்தனை பேரும், அவர்களுடைய பிள்ளைகளும் மருமக்களும், யாருக்கும் புரியாத இங்கிலீஷ் எழுத்துகளாகக் கிடந்தார்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். பதறிவிட்டான். "ஐயோ அக்கா, மறந்தே போச்சு. இப்பவே வாட்ஸ்அப்ல அனுப்புறேன், வந்த ஒடனே போட்றலாம்." அனுப்பினான். மழைக்கு டேட்டா செத்துக் கிடந்தது. பேச்சு மட்டும்தான் போனது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பகல் பஸ் புறப்படுவதற்குள் தாளைக் கண்டக்டர் கையில் கொடுத்தால்தான் ஹட்டனில் இன்னொரு பஸ் மாறி, பொழுது சாய்வதற்குள் வட்டகொடைக்குப் போகும். மறுநாள் அடக்கம். போனைக் கீழே வைக்காமலே அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றார்.

எப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கீபோர்டைத் தள்ளி வைத்து, இரண்டு கையையும் வெறும் மேசைமேல் வைத்தேன். திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கீபோர்டு இருப்பதாக நினைத்து மேசையில் அடித்தேன். k, u, z. நடுவிரல் இறங்கியது, சுட்டுவிரல் மேலே போனது, இடது சுண்டுவிரல் கீழே வந்தது. 'மரண' என்று என் வாய் சொன்னது. கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, விரல் அசைந்ததும் வாய்க்கு வந்துவிட்டது. அடுத்த சொல்லை அடித்தேன். 'அறிவித்தல்'.

"என்னக்கா பண்றீங்க?" என்று போனில் தம்பி கேட்டான். "சும்மா இருடா" என்றேன்.

வரிவரியாகப் போனேன். அவருடைய அப்பாவின் பெயர் வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், கடைக்குட்டியாக இவருடைய பெயரும் வந்தது. அதைச் சொன்னபோது தன்னை யாரோ கூப்பிட்ட மாதிரி "ஆமா" என்றார். பிறகு 'அன்னாரின் மைத்துனர்' என்று ஒரு வரி. ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில் tl;lnfhil. மெதுவாக அடித்தேன், ஒரு தடவை பிசகி, மறுபடி அடித்தேன். 'வட்டகொடை'. அதை ஒட்டித் தோட்டத்தின் பெயர். அதை ஒட்டி 'மேல் டிவிசன்'.

"மாமாதான்" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் வாங்கில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அழுதார்.

அந்தத் தாயார் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன சொற்கள் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. என் மூளை அன்றைக்கே மறந்துவிட்டது. அந்த எழுத்துகளைக் காட்டினால் இந்த விரல்கள் மட்டும் அவளுடைய வாயாகி அப்படியே திருப்பிச் சொல்கின்றன. என் கையைப் பார்த்து நானே பயந்த நாள் அது.

ஆனால் இனி புதுத் தாளை அடிக்க வேண்டுமே. ஒற்றை விரலால் கொத்தினால் சாயங்காலம் ஆகிவிடும். அந்த எரிச்சலைத் தம்பி மேல் கொட்டினேன். "ஒன் amma கீபோர்ட்ட நீயே வச்சுக்கடா. என் கைய ஒடச்சுப் போட்டுட்ட."

"அக்கா, மேல வலதுபக்க மூலைல 'த' ன்னு ஒரு எழுத்து நிக்குதா? அத அமத்துங்க. கீழ வரிசையா வரும். அதுல பாமினின்னு ஒரு கீபோர்டு இருக்கும் பாருங்க. அந்த எழுத்துரு இல்ல, அடிக்கிற மொற மட்டுந்தான்" என்றான்.

அமத்தினேன். தமிழ் அடிக்க எத்தனை விதம் இருக்கிறதோ அத்தனையும் வரிசையில் நின்றன. கடைசியில் பாமினி. அதைத் தொட்டுவிட்டு, கீபோர்டை இழுத்து, அதிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு விரலை ஓட விட்டேன். மரண அறிவித்தல் என்று திரையில் தமிழிலேயே விழுந்தது. பாமினி எழுத்துருவின் தயவு வேண்டாத, பிரஸ்ஸில் இருக்கிற மாதிரிப் பழைய மெஷினைத் தவிர எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கிற எழுத்து.

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலயேக்கா. அமத்திப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

அங்கேதான் இருக்கிறது சங்கதி. அவன் எதையும் அமத்திப் பார்க்கிறவன். நாங்கள் தெரியாத பொத்தானை அமத்த மாட்டோம். உடைந்து போனால் நாளைக்குக் கடை திறக்க வேண்டுமே.

"இந்தப் பாமினிய இதுல யாரு கொண்டாந்து வச்சது?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு தமிழ் ஆளுதான்க்கா. பேரு தெரியல. சும்மா செஞ்சு குடுத்திருக்காங்க."

அடித்துக்கொண்டே அதை நினைத்தேன். யாரோ ஒருவருக்கு, என் மாதிரிப் பழைய விரல்காரி ஒருத்தி எங்கேயாவது இருப்பாள் என்று தோன்றியிருக்கிறது. புதியதைப் படித்துக்கொள் என்று சொல்லாமல் அவள் விரல் வருகிற வழியிலேயே பாதை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னைத் தெரியாது, பொகவந்தலாவையைத் தெரியாது. நெஞ்சு நிறைந்துபோனது.

தாள் அச்சாகி, ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றி, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் கண்டக்டர் கைக்குப் போனது. மறுநாளும் மழைதான். பெட்டியைத் தூக்கும் நேரம் நெருங்க, ஒரு வேன் மண் ரோட்டில் சறுக்கி ஏறி வந்ததாம். நடக்க முடியாத ஒரு கிழவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்களாம். கோடிச் சேலையை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாராம்.

அதற்குப் பிறகு டேட்டா வந்து, எழுத்துரு வந்து, பழைய ஃபைல்கள் எல்லாம் தமிழாகிவிட்டன. லினக்ஸை எடுக்கவில்லை. அதற்காக நான் யாருக்கும் பிரசங்கம் செய்வதும் இல்லை. பிரஸ்ஸுக்கு இன்னும் பழைய பாமினியில்தான் அடித்து அனுப்புகிறேன். 'கோப்பு' இப்போதும் உறுத்துகிறது. நானா இப்போதும் உள்ளுக்கு என்னமோ ஈக்குது என்கிறார். ஈக்குதுதான், நானா.

கருமாதித் தாள் அடிக்க அந்த மகன் மறுபடி வந்தார். வேலை முடிந்து நிற்கும்போது கூச்சத்தோடு கேட்டார்.

"அக்கா, அம்மான்னு எப்படி அடிக்கிறது?"

கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். உலர்ந்த தேயிலைத் தூள் ஏறிக் கறுத்துப்போன விரல்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்கினார். வலது கையைப் பிடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல். இப்ப வந்த வழியே திரும்புங்க. நடுவிரல், சுட்டுவிரல்.

திரையில் 'அம்மா' என்று விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் சொல்லாமலே, அவர் விரல்கள் மறுபடி ஒரு தடவை போய்த் திரும்பி வந்தன.